‘தெளிஞ்சப்புறம்தான் போச்சு’: குடியும் ஆன்லைன் ரம்மியும் சேர்ந்த ஒருவரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ராணிப்பேட்டை, ஆற்காடு வட்டாரத்து ஷூ கம்பெனி ஒன்றில் கட்டிங் பிரிவு மேற்பார்வையாளர். வயது முப்பதுகளின் நடுவில், சம்பளம் மாதம் 23,000 ரூபாய். மனைவி வேறொரு கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பிரிவில் இருக்கிறார். பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள், கூடவே கணவரின் தாயார்.

இருபது வயதில் காட்டன் சீட்டில் ஆரம்பித்தவர். வேலூர், குடியாத்தம், ஆற்காடு பக்கம் இன்னும் துண்டுச் சீட்டில் எண் எழுதி நடக்கும் அந்த ஆட்டத்தில் அவர் பெரிதாக விட்டதில்லை. நாளைக்குப் பத்து, இருபது ரூபாய்தான். 2021இல் போனில் பாயிண்ட் ரம்மி ஆடத் தொடங்கினார். குடி அதற்கு முன்பிருந்தே உண்டு. வாரத்தில் நான்கைந்து மாலை, நண்பரோடு பங்கு போட்டு ஒரு கட்டிங் (அரை குவார்ட்டர்); சம்பள வாரத்தில் தனியாக ஒரு குவார்ட்டர்.

2023 தொடக்கத்தில் குடும்பத்தார் அவரை ஒரு மாதம் குடிமறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தார்கள். வெளியே வந்து மூன்று மாதம் குடிக்கவில்லை. ஆனால் போன் கையில்தான் இருந்தது. ஓர் இரவு 4,000 ரூபாய் விட்டார், மறுநாள் மாலை மதுக்கடைக்குப் போனார். இல்லத்தில் இருந்த நாட்களில் சூதாட்டம் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் வாய் திறக்கவில்லை. மனைவிக்கு அப்போது ரம்மி விஷயமே தெரியாது.

2024 ஜூன் முதல் வாரத்தில், ஐபிஎல் முடிந்த கையோடு, சிகிச்சை மையத்துக்கு வந்தார். அழைத்து வந்தவர் மைத்துனர். அடகு வைத்த நகை பற்றித் தெரிய வந்ததும் மனைவி பிள்ளைகளோடு குடியாத்தத்தில் தாய் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்.

முதல் சந்திப்பில் தெரிந்தவை

கடன் மொத்தம் 4,70,000 ரூபாய். வங்கிக் கடன் 1,60,000, ஆறு பவுன் அடகில் 1,80,000, மூன்று கடன் ஆப்களில் 48,000, தண்டல்காரரிடம் 40,000, உடன் வேலை செய்பவர்களிடம் 42,000. தண்டல் பாக்கிதான் அவரை அதிகம் வாட்டியது. பத்தாயிரத்துக்கு எழுதி எட்டாயிரத்து ஐந்நூறு கையில் தந்து, நாளுக்கு நூறு ரூபாயாக நூறு நாள் வசூலிக்கும் முறை. வசூலுக்கு ஆள் தினமும் வீட்டு வாசலுக்கே வருவார்.

குடிப்பழக்கத்தை அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் வினாப்பட்டியலில் 40க்கு 19 மதிப்பெண். 8 வந்தாலே கவனிக்க வேண்டிய குடி. சூதாட்டத்துக்கான பிஜிஎஸ்ஐ பட்டியலில் 27க்கு 19. அதிலும் 8 தொட்டாலே சிக்கல் என்று கொள்வார்கள். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் வழக்கத்தைப் போல இரு மடங்கு. காலையில் கை நடுக்கம் இல்லை, வலிப்பு வந்ததில்லை, கடைசியாகக் குடித்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஆகவே உள்நோயாளியாகச் சேர்க்கத் தேவைப்படவில்லை. குடியை நிறுத்தியதால் வரும் விலகல் வலிப்பு பெரும்பாலும் கடைசிக் குடிக்குப் பிறகு இரண்டு நாளுக்குள்ளும், பிதற்றலோடு கூடிய கடும் விலகல் நான்கு நாளுக்குள்ளும் வரும். நாள் தவறாமல் காலையிலேயே குடிப்பவரை வீட்டில் வைத்துத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. அவரோ அந்த ரகம் இல்லை.

தற்கொலை எண்ணம் பற்றி அன்றே, மைத்துனரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, நேரடியாகக் கேட்கப்பட்டது. ஏப்ரலில் ஓர் இரவு வந்ததாகவும் பிள்ளைகள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டதாகவும் சொன்னார். சூதாட்டக் கடன், குடி, குடும்பம் பிரிந்த தனிமை மூன்றும் ஒரே ஆளிடம் இருக்கும்போது இந்தக் கேள்வியை அடுத்த முறைக்குத் தள்ளக் கூடாது. இரவில் தனியாக இருக்க வேண்டாம் என்று மைத்துனர் வீட்டில் தங்க ஏற்பாடானது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 அவர் போனிலும் மைத்துனர் போனிலும் பதிவு செய்யப்பட்டது.

இன்னொன்றும் வெளிப்பட்டது. தாயார் விளம்பரம் பார்த்து ‘குடியை மறக்கடிக்கும் பொடி’ வாங்கி, சில வாரம் கொழம்பில் கலந்திருக்கிறார். குடித்த இரண்டு முறை முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து வாந்தி எடுத்ததாக அவர் சொன்னது குடியை நிறுத்தத் தரப்படும் டைசல்பிரம் என்ற மருந்தின் எதிர்விளைவோடு ஒத்துப்போகிறது. அந்த மருந்து உடலில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். விழுங்குபவருக்குத் தெரியாமல் அதைக் கொடுப்பது எந்த நிலையிலும் கூடாது. இந்த வட்டாரத்தில் இது அடிக்கடி நடக்கிறது என்பதால் ஒவ்வொரு குடும்பத்திடமும் கேட்டே ஆக வேண்டும்.

கணக்கு அறிக்கையும் கடிகாரமும்

“குடிச்சுக்கினு ஆடும்போது பெருசா போறதில்ல சார். தெளிஞ்சப்புறம்தான் போகுது” என்று அவர் சொன்னார். குடிதான் காரணம் என்று ஒத்துக்கொள்ளாமல் இருக்கச் சொல்லும் சாக்கு போலத்தான் கேட்டவர்களுக்குத் தோன்றும். சரிபார்க்க, 2023 நவம்பர் முதல் 2024 மே வரையிலான வங்கி அறிக்கையும், ரம்மி ஆப்பிலிருந்து டெபாசிட் பட்டியலும், ஒவ்வொரு ஆட்டமும் பதிவாகியிருந்த கை வரலாறும் எடுக்கப்பட்டன. பாரில் சைடு டிஷ் வாங்கிய க்யூஆர் பணம் ஒவ்வொன்றும் குடித்த நேரத்தைக் காட்டிக் கொடுத்தது.

ஏப்ரல் சம்பள இரவு ஒன்று அப்படியே:

இரவு 8.20க்குச் சைடு டிஷ். 8.46க்கு 300 ரூபாய் டெபாசிட், 9.31க்கு 500, 10.22க்கு 500. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். 11.38க்கு 1,000. 11.52க்கு 2,000. 12.03க்கு 2,000. 12.09க்கு 5,000. 12.13க்கு 5,000. 12.41க்குக் கடன் ஆப்பிலிருந்து 12,000 வரவு. 12.44க்கு 10,000 டெபாசிட்.

பதினோரு மணி வரை போனது 1,300. அதன் பிறகு ஒரு மணி நேரத்தில் 25,000. டெபாசிட்டுகளின் இடைவெளி முக்கால் மணி நேரத்திலிருந்து நான்கு நிமிடத்துக்கு இறங்கியிருக்கிறது. அவர் சொன்னது பொய்யில்லை.

கை வரலாறு இன்னும் தெளிவாகப் பேசியது. பாயிண்ட் ரம்மியில் சீட்டு மோசமாக வந்தால் முதல் சுற்றிலேயே ஸ்கூட் விடலாம், அதாவது விலகிக்கொள்ளலாம், 20 பாயிண்ட் நஷ்டம். நடுவில் விட்டால் 40. கடைசி வரை இருந்து லைஃப் (ஜோக்கர் இல்லாத வரிசை) இல்லாமல் மாட்டினால் ஃபுல், அதாவது 80. குடிக்காத இரவுகளில் அவர் நல்ல ஆட்டக்காரர். லைஃப் சேராத கையைத் தயங்காமல் ஸ்கூட் விட்டிருக்கிறார். நள்ளிரவுக் கைகளில் ஸ்கூட் ஏறக்குறைய இல்லை. ஒரு ஜோக்கரைப் பிடித்துக்கொண்டு ஃபுல் ஃபுல்லாக வாங்கியிருக்கிறார். பாயிண்டுக்கு 1 ரூபாய் மேசையிலிருந்து 5 ரூபாய் மேசைக்கு மாறியதும் அதே நேரத்தில்தான். ஒரு கைக்கு 80 ரூபாய் என்றிருந்த அதிகபட்ச நஷ்டம் 400 ஆனது. ஆடத் தெரியாமல் போகவில்லை. விடத் தெரியாமல் போயிற்று.

சம்பள நாளில் காசும் இருக்கும், குடியும் இருக்கும். இரண்டில் எது காரணம் என்ற ஐயம் வரும். இங்கே ஒரு தற்செயல் ஒப்பீடு கிடைத்தது. 2023 கார்த்திகையில் அவர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கார்த்திகை முதல் தேதி தொடங்கி டிசம்பர் கடைசி வரை ஒரு சொட்டு தொடவில்லை. ரம்மியை விடவில்லை, ஒளித்து ஆடியிருக்கிறார். டிசம்பர் சம்பள இரவில் இரண்டு டெபாசிட், மொத்தம் 500. விரத நாட்களில் எந்த இரவும் அதைத் தாண்டவில்லை. மாலை கழற்றிய வாரத்தில், புத்தாண்டு இரவில், 18,000. விரதத்தின் கட்டுப்பாடே சூதையும் கொஞ்சம் பிடித்து நிறுத்தியிருக்கலாம் என்பதால் இதை முழு நிரூபணம் என்று கொள்ள முடியாது. ஆனாலும் அவருடைய சம்மதத்தைப் பெற்றது இந்த ஒரு பக்கம்தான். அறிக்கையைத் தன் கையாலேயே மஞ்சள் பேனாவால் கோடிட்டார்.

தெளிவு வந்தது போலிருக்கும் அந்த நேரம்

ஒரு குவார்ட்டர் 180 மில்லி. 42.8 சதவீதம் என்றால் அதில் தூய ஆல்கஹால் 77 மில்லி, எடையில் சுமார் 61 கிராம். 62 கிலோ எடையுள்ள ஆண் ஒரு மணி நேரத்தில் குடித்து முடித்தால் ரத்தத்தில் 100 மில்லிக்கு 120 மி.கி. அளவுக்கு ஏறும். சாப்பாடு இருந்தால் சற்றுக் குறையும். உடல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 15 மி.கி.தான் கழிக்கும். ஏப்ரல் இரவின் 12.10க்கு அவர் ரத்தத்தில் உத்தேசமாக 85 மி.கி. இருந்திருக்கும். வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவு 30. முழுக்க இறங்கக் காலை ஆறு மணி ஆகும்.

ஆல்கஹால் ஏறும்போது உற்சாகம், பேச்சு, தள்ளாட்டம். இறங்கும்போது அவை மறைந்து, ஆள் தெளிந்துவிட்டதாக உணர்கிறார். ஆய்வகச் சோதனைகளில் கைவேகமும் போதை உணர்வும் இந்த இறங்குகாலத்தில் சீக்கிரம் சரியாகின்றன. ‘நில்’ என்றதும் நிற்கும் திறன் அதே வேகத்தில் திரும்புவதில்லை. மூளையின் முன்பகுதி செய்யும் வேலை அது. எதிரில் இருப்பது மட்டும் பெரிதாகவும் நாளை வரும் தண்டல்காரர் சிறிதாகவும் தெரியும் நிலையும் தொடர்கிறது. இந்த நபரின் விஷயத்தில் சாப்பிட்டு, முகம் கழுவி, விளக்கணைத்துப் படுத்த பிறகு ‘இப்போ நிதானமா இருக்கேன், விட்டதப் பிடிச்சிடலாம்’ என்று தோன்றியது. நிதானம் என்று நம்பியதால் தொகையும் பெரிதானது.

ஆஸ்திரேலியாவில் வழக்கமாகச் சூதாட்டப் பொறியில் ஆடும் 40 ஆண்களை வைத்து நடத்தி 1999இல் வெளியான சோதனையில், மது கொடுக்கப்பட்டவர்கள் மற்றவர்களைப் போல இரு மடங்கு முறை ஆடினார்கள். கொடுத்த காசு முழுவதையும் இழந்தவர்கள் மது குடித்தோரில் பாதிப் பேர், குடிக்காதோரில் 15 சதவீதம். எல்லாச் சோதனைகளும் இதே முடிவைத் தரவில்லை. அமெரிக்காவின் பெரிய கணக்கெடுப்பு ஒன்றை வைத்து 2005இல் வெளியான ஆய்வோ, சூதாட்ட நோய் உள்ளவர்களில் 73.2 சதவீதத்தினருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிச் சிக்கலும் இருந்ததாகக் காட்டியது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு பணத்தைப் பற்றியது. ஆலோசனை தொடங்கும் முன்பே, அறிக்கையைப் பார்த்ததுமே. குடித்த பிறகு எடுக்கும் எந்த உறுதியும் நிற்காது என்று அறிக்கையே சொல்லும்போது, மன உறுதியை வளர்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. குடித்த கைக்குப் பணம் எட்டவே கூடாது. சம்பளக் கணக்கின் பதிவு எண் மனைவியின் சிம்முக்கு மாற்றப்பட்டது, வங்கிக் கிளையில், இருவரும் நேரில் போய். யுபிஐ அந்தப் போனுக்கு நகர்ந்தது. ஏடிஎம் கார்டும் மனைவியிடம். பேன், ஆதாரோடு இணைந்த எண்ணும் மனைவியுடையதாக மாற்றப்பட்டது; கடன் ஆப்களுக்கு ஓடிபி அங்கேதான் போகும். கணவர் செலவுக்கு நாளுக்கு 150 ரூபாய் ரொக்கம். மனைவி இதை ஏற்கத் தயங்கினார். “நான் போலீஸ்காரி ஆகணுமா மேடம்?” என்று ஆலோசகரிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் ஆறு மாதத்துக்கு மட்டும் என்று காலவரை எழுதி, கணவரும் கையெழுத்திட்டார். தினமும் கணக்குக் கேட்பதில்லை, மாதம் ஒரு முறை மையத்தில் வைத்துப் பார்ப்பது என்று முடிவானது.

இரண்டாவது, இரண்டையும் ஒன்றாக நிறுத்துவது. அவர் கேட்டது வேறு: குடியைக் குறைத்துக்கொள்கிறேன், ரம்மி 500 ரூபாயோடு நிறுத்திக்கொள்கிறேன் என்றார். 500 என்ற வரம்பு குடிக்காத இரவுகளில் மட்டும் பிழைத்திருந்ததை அறிக்கையில் காட்டிப் பேசியதும் ஒப்புக்கொண்டார். 2023இல் குடியை மட்டும் நிறுத்தியபோது சூதாட்டம் அவரைக் கடைக்குத் திருப்பி அனுப்பியதும் பேசப்பட்டது.

மூன்றாவது மருந்து. நால்ட்ரெக்சோன் 25 மி.கி.யில் தொடங்கிச் சில நாளில் 50 மி.கி. குடிக்கும் வேட்கையைக் குறைக்கப் பயன்படுவது. சூதாட்ட வேட்கைக்கும் ஓரளவு ஆதாரம் உண்டு, ஆனால் அதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. கல்லீரல் நொதி இரு மடங்கோடு நின்றதால் கொடுக்க முடிந்தது, ஒரு மாதத்தில் மறுபரிசோதனை என்ற நிபந்தனையோடு. முதுகுவலிக்கு டிரமடால் போன்ற ஓபியாய்டு (அபின் வகை) மாத்திரை எடுக்கிறாரா என்று முன்பே கேட்க வேண்டும். எடுத்தால் விலகல் அறிகுறி கடுமையாகக் கிளம்பும். கூடவே தயமின் (வைட்டமின் பி1) 100 மி.கி. டைசல்பிரம் பரிசீலிக்கப்படவில்லை. பொடி அனுபவத்துக்குப் பிறகு அந்த வீட்டில் மருந்து மேலேயே நம்பிக்கை இல்லை.

நான்காவது, கடனை ஒரே மூச்சில் அடைக்காதது. மைத்துனர் மனையை விற்றுத் தருவதாகச் சொன்னார். நல்ல மனசு. ஆனால் கடன் ஒரேயடியாகத் தீர்ந்தால் கடன் வாங்கும் தகுதி திரும்பிவிடும். பழைய ஆப்களே கூடுதல் தொகைக்கு மெசேஜ் அனுப்பும். தண்டல் பாக்கியை மட்டும் மைத்துனர் நேரடியாகத் தீர்த்தார். மற்றவை சம்பளத்திலிருந்து மாதத் தவணையாக.

மாலை நேரம் கடைசியாகப் பேசப்பட்டது. கம்பெனி பஸ் இறக்கிவிடும் நிறுத்தத்துக்கு எதிரிலேயே கடை. ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி நடப்பது என்று மாற்றினார். வீட்டில் இரவு பத்து மணிக்கு மேல் போன் கூடத்தில், சார்ஜில்.

அடுத்த பதினான்கு மாதங்கள்

ஏழாவது வாரத்தில் முதல் சறுக்கல். ஆடி மாதம், தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய இரவு. நண்பர்களோடு இரண்டு கட்டிங். 11.40க்குப் போனை எடுத்திருக்கிறார். கணக்கில் காசு இல்லை. புதிதாக ஒரு கடன் ஆப் இறக்கி, விவரம் எல்லாம் நிரப்பியும் விட்டார். ஓடிபி குடியாத்தத்தில் மனைவியின் போனில் வந்தது. அவர் உடனே கூப்பிட்டு, “யாரோ ஓடிபி கேக்கறாங்க, நீங்கதானா?” என்று மட்டும் கேட்டார். திட்டவில்லை. மறுநாள் அவரே மையத்துக்கு வந்தார். அன்றைய நஷ்டம், குடித்த காசு மட்டும். செப்டம்பரில் மனைவியும் பிள்ளைகளும் வீடு திரும்பினார்கள்.

தீபாவளி போனஸ் பற்றி அக்டோபர் தொடக்கத்திலேயே திட்டமிடப்பட்டது. பணம் வந்த அன்றே மனைவி அடகுக் கடைக்குப் போய் இரண்டு பவுனை மீட்டார். டிசம்பரில் ஆறு மாதக் கெடு முடிந்தது. பூட்டை முழுவதும் திறக்காமல், யுபிஐ சர்க்கிள் வழியாக அவர் செய்யும் ஒவ்வொரு செலவுக்கும் மனைவியின் ஒப்புதல் தேவைப்படும்படி மாற்றினார்கள். காய்கறிக் கடையில் நின்று ஒப்புதலுக்குக் காத்திருப்பது அவருக்கு அவமானமாக இருந்தது, சில வாரம் சண்டையும் நடந்தது. பிறகு வாரச் செலவுக்கு ரொக்கம் என்று கொஞ்சம் தளர்த்தினார்கள். கல்லீரல் நொதிகள் சரியாகி, நால்ட்ரெக்சோன் எட்டு மாதத்துக்குப் பின் நிறுத்தப்பட்டது.

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டத்துக்குத் தடை விதித்தது. இவருடைய மோசமான நேரத்தின் பெரும்பகுதி அதற்குள் வருகிறது, ஆனால் 11.38 வராது. வெளிநாட்டிலிருந்து இயங்கும் பந்தய ஆப்கள் எந்த மணிக்கும் கட்டுப்படுவதுமில்லை.

அந்த ஆண்டு ஐபிஎல்லில் இரண்டாவது சறுக்கல். நண்பர் ஒருவர் மூலம் ரொக்கப் பந்தயம், 3,000 ரூபாய் போனது. அன்று குடிக்கவில்லை. விட்டதைப் பிடிக்கும் எண்ணம் வந்ததாகவும், மறுநாள் காலைவரை தள்ளிப்போட முடிந்ததாகவும் சொன்னார். குடித்திருந்தால் தள்ளிப்போட்டிருக்க மாட்டார் என்பது அவருடைய சொந்தக் கணிப்பு, அறிக்கைகளும் அதையே சொல்கின்றன. 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் வந்து ரம்மி ஆப்கள் பண ஆட்டத்தை நிறுத்தின. கை பழைய காட்டன் சீட்டுப் பக்கம் போகத் துடிப்பதாக அந்த மாதச் சந்திப்பில் சொன்னார். இரண்டு முறை எழுதியும் இருக்கிறார், சிறு தொகை.

பதினான்கு மாத முடிவில்: குடித்த மாலைகள் நான்கு. ஆப்பில் டெபாசிட் எதுவும் இல்லை. கடன் 2,60,000ஆகக் குறைந்திருக்கிறது, நான்கு பவுன் மீண்டிருக்கிறது. ஒரு கடன் ஆப், அசலைக் கட்டிய பிறகும் அவருடைய தொடர்பு எண்களுக்கெல்லாம் மெசேஜ் அனுப்பியதால் சைபர் குற்ற உதவி எண் 1930இல் புகார் கொடுக்கப்பட்டது, அது நிலுவையில் இருக்கிறது. தாயாரோடு பேச்சு இன்னும் முழுதாகச் சரியாகவில்லை.

இனி மாற்ற வேண்டியவை

குடிக்காக வரும் எவரிடமும் முதல் நாளே இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: பந்தயத் தொகையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்று தோன்றியதுண்டா? எவ்வளவு ஆடினீர்கள் என்பதை வீட்டாரிடம் மறைத்ததுண்டா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் விரிவாகப் பார்க்க வேண்டும். 2023லேயே யாராவது கேட்டிருந்தால் ஓராண்டுக் கடனைத் தவிர்த்திருக்கலாம். சூதாட்டத்துக்காக வருபவரிடம் குடியைக் கேட்பதும் அப்படியே. கேட்கும்போது ‘எவ்வளவு குடிப்பீர்கள்’ என்பதோடு நிறுத்தாமல், எத்தனை மணிக்கு முடித்தீர்கள், அதற்குப் பிறகு எப்போது போனை எடுத்தீர்கள் என்றும் கேட்க வேண்டும். குடிக்கும் நேரத்தை மட்டும் காவல் காத்தால் நஷ்டம் நடக்கும் நேரம் தப்பிவிடும்.

வங்கி அறிக்கையை இரண்டாம் வாரத்தில் கேட்டது தாமதம் என்றே கொள்ளலாம். முதல் சந்திப்புக்கு வரும்போதே ஆறு மாத அறிக்கையை அச்செடுத்து வரச் சொல்வது எளிது, சம்மதம் வாங்கவும் உதவும்.

பணப் பூட்டு டிஜிட்டல் பணத்துக்கு மட்டும் போடப்பட்டது. ரொக்கப் பந்தயமும் காட்டனும் அதில் சிக்கவில்லை. அன்றாட ரொக்கத்தை வாரக் கணக்காகத் தளர்த்திய பிறகுதான் மீண்டும் சீட்டு எழுதினார். அடுத்து வருபவர்களுக்கு, தளர்த்தும் மாதத்தில் சந்திப்பை மாதத்துக்கு இரண்டாகக் கூட்டுவது என்று தீர்மானிக்கப்பட்டுள்ளது. மனைவியின் தூக்கமின்மையும் எட்டாவது மாதத்தில்தான் கவனத்துக்கு வந்தது. இனி துணைவருக்குத் தனியாக ஒரு சந்திப்பு முதல் மாதத்திலேயே ஒதுக்கப்படும்.

இந்த நபருக்கு அடுத்த மறுபார்வை தீபாவளி போனஸுக்கு இரண்டு வாரம் முன்பும், அதற்கடுத்தது மாலை கழற்றும் வாரத்திலும், மூன்றாவது ஐபிஎல் தொடங்கும் முன்பும் குறிக்கப்பட்டிருக்கிறது.